அமாவாசையன்று விழுந்த குடம்

எங்கள் வீட்டில் நாலு தறி. சத்தத்தில் பேச்சுக் கேட்காது என்பதால் எல்லோருமே கையைக் காட்டித்தான் பேசிக்கொள்வோம். மகள் பொன்னியும் அப்படியே வளர்ந்தாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த மாதமே வாத்தியார், "கூப்பிட்டாத் திரும்பறதில்லை அம்மிணி, அத்தனை திமிரு. இனி அனுப்ப வேண்டாம்" என்றார். நானும் அவளை அடித்தேன்.

அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்று பொன்னிக்குப் பின்னால் என் கையிலிருந்து பித்தளைக் குடம் நழுவி விழுந்தது. தொட்டில் பிள்ளை அலறியது. பொன்னி திரும்பவே இல்லை.

மறுநாள் பள்ளி வாசலில் கூச்சத்தோடு நின்று, "புள்ளைக்குக் காது கேக்காதுங்க சாமி. தெரியாம நானும் அடிச்சுப் போட்டனுங்க" என்றேன். வாத்தியார் அவளை மறுபடியும் சேர்த்துக்கொண்டு, முன்னால் உட்கார வைத்து, முகத்துக்கு நேராகச் சொல்லிக் கொடுத்தார். மூன்றாம் வகுப்புவரை படித்தாள்.

இப்போது எந்தப் பிள்ளை சொன்னபடி செய்யாவிட்டாலும், எதிரே போய் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன். எதற்கு அடி என்றே தெரியாமல் பொன்னி என்னைப் பார்த்தது இன்னும் மறக்கவில்லை.