புழுதி ஒட்டாத பூச்சு

எண்பதுகளின் தொடக்கத்தில் தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில், இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். எங்கள் பேராசிரியர் எங்கெங்கோ எழுதிப்போட்டு இரண்டு சோலார் பலகைகளை வரவழைத்திருந்தார். புழுதி படிந்தால் அவற்றில் மின்சாரம் குறைந்துவிடும். புழுதியே ஒட்டாத பூச்சு ஒன்றைத் தானே கண்டுபிடித்துவிட்டதாக அவருக்கு நம்பிக்கை. வார்னிஷ் வாடை அடிக்கும். எதில் செய்தார் என்று வீட்டம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

சுந்தரபாண்டியபுரத்தில் தெரிந்த விவசாயி ஒருவரின் களத்தில் பலகைகளை வைத்தோம். ஒன்றுக்குப் பூச்சு, மற்றது வெறும் கண்ணாடி. நல்ல பங்குனி வெயில். ஒரு மாட்டுவண்டி போனாலே புழுதி ஆளை மறைக்கும். தினமும் உச்சிப்பொழுதில் சைக்கிளில் போய், இரண்டிலும் மீட்டரை வைத்துப் பார்த்துக் குறித்துவருவது என் வேலை.

மூன்று வாரமாக இரண்டும் ஒரே அளவைத்தான் காட்டின. பேராசிரியர் முதலில் மீட்டரைச் சந்தேகப்பட்டார். அப்புறம் என்னை.

"நெசமாவே அங்கன போறியாலே? இல்ல, குத்தாலத்துல குளிச்சிட்டு, தோணினத எழுதுதியா?"

"பங்குனியில அருவியில ஏது சார் தண்ணி?"

மறுநாள் விடிந்ததும் அவரே என்னோடு கிளம்பிவிட்டார். நாங்கள் போனபோது விவசாயியின் மனைவி, வாளித் தண்ணீரும் பழஞ்சேலைத் துணியுமாகப் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் வாளியையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். "தெனமும் தொடைக்கியளாம்மா?"

"பின்ன? காலேஜ் சார்மாரு வருத எடம். ஒங்க சாமான் எங்க களத்துல புழுதியாக் கெடந்தா, பாக்கவுக எங்களத்தான ஏசுவாவ?"

பலகையில் புழுதி படிந்தால்தான் சோதனையே என்று பேராசிரியர் சொன்னதும் அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா சார்!" எங்களுக்கு மோர் வந்தது. பேராசிரியர் கோபப்பட வழியில்லாமல் இரண்டு தம்ளர் குடித்தார்.

அன்றிலிருந்து யாரும் பலகைகளைத் தொடவில்லை. ஒரு மாதத்தில் வெயில் பட்டுப் பட்டுப் பூச்சு மஞ்சளாகிப் பிசுபிசுத்தது. அதில் ஒட்டாததே கிடையாது: புழுதி, வைக்கோல் தூசி, இரண்டு எறும்பு. வெறும் கண்ணாடிதான் கூடுதல் மின்சாரம் கொடுத்தது.

 பேராசிரியர் களத்தை ஒட்டியிருந்த விவசாயி வீட்டுப்பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க பழையபடி தொடச்சிருங்க" என்றார்.

பூச்சைச் சுரண்டி எடுக்க பிளேடும் மண்ணெண்ணெயுமாக இரண்டு நாள் ஆயிற்று. அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து சுரண்டினார். எறும்புகளை மட்டும் என்னை எடுக்கச் சொன்னார்.