கிதார் கழுத்தில் என் இரண்டு பட்டைகள்

எங்கள் அண்ணன் ஆமத்தூரில், கூலிக்குக் களையெடுக்கப் போய்வந்த தாய் தகப்பனுக்குத் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். நான்கு வருடம் கழித்து அதே வீட்டில் நான் பிறந்தேன். என் மனக்குறை அன்றைக்கே தொடங்கிவிட்டது என்று எங்கள் அம்மா சொல்வார். நினைவு மலரில் எழுதுகிற தம்பி இப்படியா ஆரம்பிப்பான் என்று உறவினர்கள் முகம் சுளிக்கலாம். அண்ணனைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஊரே இருக்கிறது. எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன்.

அப்பா காலமானபோது அண்ணனுக்குப் பதினைந்து வயது. படிப்பை விட்டுவிட்டு, சிவகாசியில் தீப்பெட்டிக் கம்பெனிகளுக்குக் குச்சி அடுக்கும் மரச்சட்டம் செய்கிற பட்டறையில் சேர்ந்தார். பிறகு என்னையும் அங்கே சேர்த்துவிட்டார். பத்து வருடத்தில் சொந்தப் பட்டறை போட்டார். சீசன் நேரத்தில் வேலையாட்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தாம் இலை போட்டு உட்காருவார். யாரையும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் பட்டறைக்குள் யார் நுழைந்தாலும், கையில் உளியோடு நான் எதிரே நிற்கும்போதே, அண்ணன் இல்லையா என்றுதான் கேட்பார்கள். ஒரு ஆர்டரை என்னிடம் சொல்லிவிட்டுப் போக ஒருவருக்கும் வாய் வராது. வருடக்கணக்காக அதைக் கேட்டவனுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

ஊரில் செல்போன் புழங்கத் தொடங்கிய காலத்தில் அண்ணனுக்குக் கிதார்ப் பைத்தியம் பிடித்தது. விருதுநகரில் வத்தல் வியாபாரம் செய்யும் அன்சாரி பாய், மெல்லிசைக் கச்சேரிகளில் கிதார் வாசிப்பவர். அவருடைய பழைய கிதாரில் பெயர்ந்துபோன ஒரு துண்டுக்கு மாற்றுச் செய்து கொடுக்கப்போய், முழுதாகவே ஒன்று செய்து தருகிறேன் என்று அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அதே வேலை. வேடிக்கை பார்க்கத் தெருவே வந்து நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை.

நாங்கள் சட்டம் செய்கிறவர்கள். சட்டத்தில் சாய்வும் கிடையாது, வளைவும் கிடையாது; எல்லாம் நேர்க்கட்டைதான். அந்தப் பழக்கத்திலேயே அண்ணன் கிதாரின் கழுத்தையும், கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதியையும் ஒரே தேக்குப் பலகையில் அறுத்துவிட்டார். தலை பின்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். அது சாய்கிற இடத்தில் மரத்தின் ரேகை நீளமாக ஓடாமல் குறுக்கே வெட்டுப்பட்டிருந்தது. கம்பியை இழுத்துக் கட்டினால் அங்கேதான் பிளக்கும். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. இவரும் ஒரு தடவை தப்புச் செய்யட்டுமே என்று நினைத்தேன். அது பொறாமைதான், வேறொன்றும் இல்லை.

மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழாக் கச்சேரிக்கு மூன்று நாள் இருக்கும்போது, அன்சாரி பாய் பட்டறைக்கு வந்து கம்பிகளை முறுக்கினார். படக்கென்று ஒரு சத்தம். தலை முன்னால் மடிந்து தொங்கிவிட்டது. பாய் டீயைக் குடித்துவிட்டுப் போனார். அண்ணன் பிளவை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏலே, ரேகை குறுக்க ஓடியிருக்கு. நீ பாக்கலியா?"

"பாக்கலண்ணே," என்றேன்.

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. பிளவில் பசை விட்டு இறுக்கிக் கட்டி ஒரு நாள் காயவைத்தோம். பசை மட்டும் தாங்காது. பின்பக்கத்தில் பிளவைக் கடந்து நீளவாக்கில் இரண்டு பள்ளம் வெட்டி, நேர் ரேகையுள்ள ஈட்டி மரத்தில் சீவிய மெல்லிய பட்டைகளை இறக்கி ஒட்ட வேண்டும். அண்ணன் ஏனோ உளியை என்னிடம் நீட்டினார். அந்த இடத்தில் கழுத்து ஒரு விரல் பருமன்தான் இருக்கும். கொஞ்சம் ஆழம் கூடினாலும் முன்பக்கம் ஓட்டை விழுந்துவிடும். காலையில் உட்கார்ந்தவன் மதியச் சாப்பாட்டுக்கும் எழவில்லை. பட்டைகள் இரண்டும் கட்டைவிரலால் அழுத்தியதும் பள்ளத்தில் போய் உட்கார்ந்தன. சுத்தியலைத் தொடவே இல்லை. அதைவிட நல்ல வேலை என் ஆயுளில் நான் செய்ததில்லை. அண்ணன் தடவிப் பார்த்து, சரி இழைத்துவிடு என்றார். அவ்வளவுதான்.

கச்சேரியன்று பாய் அண்ணனை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார். கீழே நின்று நானும் கைதட்டினேன். வயிறு எரிந்தது. அம்மா வேறு, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தச் சால்வையை எடுத்து எடுத்துக் காட்டினார். ஒரு வாரம் நான் அண்ணனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதன்பின் சில வருடங்களில் அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதுபட்டது. மதுரைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். படுக்கையில் கிடந்தும் பட்டறை வேலையைத்தான் விசாரிப்பார். சென்ற ஆண்டு, அண்ணி அருகில் இருக்க, அமைதியாகக் கண்மூடினார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அன்சாரி பாய் கிதாரோடு வந்தார். படத்துக்கு முன்னால் வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதைப் பின்பக்கம் தெரியத் திருப்பி என் மடியில் வைத்தார். மஞ்சள் தேக்கில் கறுப்பாக இரண்டு கோடுகள். ஒரு மயிரிழை கூட விலகவில்லை.

"இதை யார் பாத்தாலும் அண்ணன் திருப்பித் திருப்பிக் காட்டுவாக. 'இது எந்தம்பி வேலை, எனக்கு இப்படி வராது'ம்பாக. தாயில்பட்டிக் கச்சேரிக்கு வந்தப்ப அங்கன இருந்த அம்புட்டுப் பேருட்டயும் சொன்னாக. உங்ககிட்டச் சொல்லலியா?"

இல்லை என்றேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஊராரிடம் சொன்னதை ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால், பார்த்தேன் அண்ணே, பார்த்துவிட்டுத்தான் சொல்லவில்லை என்று நானும் சொல்லியிருப்பேன். இப்போது அச்சடித்துச் சொல்கிறேன்.

அண்ணனை மதுரைக்குக் கூட்டிப்போய் வந்த அன்சாரி பாய் குடும்பத்தாருக்கும், ரத்தம் கொடுத்த பட்டறைத் தோழர்களுக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்த ஆமத்தூர் சொந்தங்களுக்கும், கச்சேரிக் குழுவினருக்கும் எங்கள் வீட்டார் அனைவரின் நன்றி. உங்களில் எத்தனையோ பேர் 'இது எந்தம்பி வேலை' என்ற அந்த வார்த்தையை அண்ணன் வாயாலேயே கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.