செருப்போடு வரவும்

2013 ஆகஸ்டு 17, சனிக்கிழமை, காலை ஏழே கால் மணி. வடக்குத்து கிராமத்தில் ஒரு தகரக் கொட்டகையின் வாசலில் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்ததால், திலகவதி செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனார். அவர் முதலில் கண்டது இரண்டு உள்ளங்கால்களை. ஒரு சிறிய காரின் ஓட்டுநர் இருக்கைச் சாய்மானத்தின்மேல் அவை மாட்டியிருந்தன. மிச்ச உடம்பு முழுவதும் ஸ்டியரிங்குக்கு அடியில் தலைகீழாக இறங்கியிருந்தது.

"யாருங்க வந்துக்கினு இருக்கிறது?" என்று கீழிருந்து குரல் கேட்டது.

"நான் டீச்சர். டவுன்ஷிப் பதினேழாம் பிளாக்கிலிருந்து வர்றேன்."

"மூஞ்சி தெரியலீங்க. காலைக் கொண்டாந்து கதவுகிட்ட வையுங்க."

திலகவதி தயங்கித் தயங்கி வைத்தார். கதவிடுக்கு வழியே ஒரு கண் அந்தக் காலை ஆராய்ந்தது. "மூணாம் நம்பரு காலு. கிளச்சு எட்டலையா?"

சிங்காரவேலு அப்படித்தான். கணுக்காலுக்கு மேலே மனிதர்கள் அவர் நினைவில் அவ்வளவாக நிற்பதில்லை. பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓரம் ஒன்பது ஆண்டுகள் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். கான்ட்ராக்ட் கைமாறியபோது பட்டியலில் பெயர் விட்டுப்போனது. அதன் பிறகு காலுக்கேற்பக் கார் பெடல்களை மாற்றிக் கொடுக்கும் தொழிலில் இறங்கினார். "ஊரே இன்ஜினைத் தொறந்து பாத்துக்கினு இருக்குது, இந்த ஆளு மட்டும் மிதிக்கிறதைப் பாத்துக்கினு கெடக்குறாரு" என்று தொடக்கத்தில் தலையில் அடித்துக்கொண்ட மனைவி செவ்வந்தியே இப்போது வருகிறவர்களை வரிசையில் உட்கார வைக்கிறார். முழங்கால் மடங்காதவர், உள்ளங்கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளி, பெடலில் கால் வழுக்குகிறது என்று பயந்தவர் என எல்லாரும் வருகிறார்கள். பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் அவர்களை நிற்க வைத்துப் பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்துகொள்கிறார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. அது வலக் கன்னத்திலிருந்து இடக் கன்னத்துக்கு மாறினால் அவர் யோசிக்கிறார் என்று பொருள்.

திலகவதியின் உயரம் நான்கடி எட்டு அங்குலம். மேல்பட்டாம்பாக்கத்தை அடுத்த ஒரு தொடக்கப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்திருந்தது. செப்டம்பர் இரண்டாம் தேதி பொறுப்பேற்க வேண்டும். இரண்டு பேருந்து மாறிப் போனால் பள்ளி மணி அடித்த பிறகுதான் சேரலாம். மறுத்து எழுதிக் கொடுத்தால் அடுத்த அழைப்பு எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் கார் இருந்தது. கணவர் வெங்கடேஷ் ஷிப்டுக்கு ஸ்கூட்டரில் போவதால், உறை போர்த்தி அது குவார்ட்டர்ஸ் வாசலில் சும்மாதான் நின்றது. ஆனால் ஓட்டுநர் தேர்வில் திலகவதி ஒருமுறை தோற்றிருந்தார். கிளச்சை முழுதாக மிதிக்க முடியாமல் வண்டி மூன்று தடவை நின்றுவிட்டது. மறுதேர்வு ஆகஸ்டு 29.

கதையைக் கேட்டு முடித்ததும் சிங்காரவேலு, வெங்கடேஷ் ஓட்டிவந்து வெளியே நிறுத்திவிட்டுப் போயிருந்த காரின் கதவைத் திறந்து, இருக்கையில் கிடந்த தலையணையை இரண்டு விரலால் தூக்கினார். "இது என்னாத்துக்குங்க?"

"ரோடு தெரியணுமே."

"மேல ரோடு தெரியும், கீழ காலு இன்னும் ரெண்டு இஞ்சு தூரம் போவும். தலைக்கு வைக்கிறதத் தலைக்கே வையுங்க. முதுகுக்கு ஒண்ணு தெச்சிக்கலாம்."

வெங்கடேஷ் சென்னையிலிருந்து பெடல்மேல் மாட்டுகிற செட் ஒன்றை வாங்கி வந்திருந்தார். பளபளக்கும் அலுமினியத் தகடுகள், நடுவே வட்ட வட்டத் துளைகள், பந்தயக் கார் படம் போட்ட அட்டைப்பெட்டி. சிங்காரவேலு அதன்மேல் சொம்பிலிருந்து நாலு துளி நீர் விட்டுத் தன் குதிகாலை வைத்து இழுத்தார். கால் வழுக்கிக்கொண்டு போய்த் தகரத்தில் இடித்தது.

"ஷோவுக்கு நல்லாருக்கும். மழை நாள்ல ஆளைக் கொன்னுடும்" என்று பெட்டியை மூடி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

அவருடைய இரும்புப் பெட்டியிலிருந்து வெளிவந்தவை அழகானவை அல்ல. கவ்வி வைத்து இறுக்குகிற வகையை அவர் ஒதுக்கினார். சுரங்கத்து லாரிகள் ஓடுகிற சாலையின் அதிர்ச்சியில் கவ்வி தளரும் என்பது அவர் கண்ட அனுபவம். ரப்பர் முகம் வைத்த இரும்புக் கட்டைகளைத் தேர்ந்தார். பெடலின் பழைய ரப்பரை உரித்து, துளையிட்டு, தளராத நட்டுப் போட்டு முடுக்கினார். கிளச்சுக்கு ஒன்றரை அங்குலம், பிரேக்குக்கு ஒன்றேகால், ஆக்சிலரேட்டருக்கு மெல்லிய தகடு மட்டும். பிரேக் எப்போதும் ஆக்சிலரேட்டரைவிட உயர்ந்து நிற்க வேண்டும் என்று ஸ்கேலை வைத்து நான்கு முறை பார்த்தார். தடித்த தரைவிரிப்பை உருவி வெளியே எறிந்தார். எலுமிச்சம்பழம் தொங்குகிற, திருநீறு பூசிய வண்டிக்குள் திலகவதி வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தார். கிளச் தரை வரைக்கும் போனது. அந்த முதல் மிதியில் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

கிளச்சை எப்படி விடுவது என்பதைச் சிங்காரவேலு வாயால் சொல்வதில்லை. உள்ளங்கையை விரித்துக் கீழே அழுத்துவார். பிறகு பொங்குகிற பாலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் போல மெல்ல, மிக மெல்ல உயர்த்துவார். அவ்வளவுதான் பாடம்.

மறுநாள் மாலை குவார்ட்டர்ஸ் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது, பிரேக்கை மிதித்தார் திலகவதி. வண்டி நிற்பதற்குப் பதில் உறுமிக்கொண்டு பாய்ந்து வேலியைத் தாண்டி முருங்கை மரத்தில் முட்டியது. ஆளுக்கு ஒன்றுமில்லை, முன்விளக்கு உடைந்தது. வெங்கடேஷ் ஓடி வந்து கதவைத் திறந்தார். "போதும் திலகா. எழுதிக் குடுத்துரு. உயிரோட இருந்தா வேற பதவி வரும்."

"வராது" என்றார் திலகவதி. "வண்டியை வடக்குத்துக்கு விடுங்க."

திங்கட்கிழமை அங்கே வெங்கடேஷ் சத்தம் போட்டார். "நீரு பண்ணின வேலையில இவ செத்திருப்பா, தெரியுமா?" சிங்காரவேலுவின் வாயில் கிராம்பு கன்னம் மாறியது. "டீச்சர், நேத்து எப்படி ஏறுனீங்களோ அப்படியே ஏறுங்க" என்றார். திலகவதி ஏறினார். காலில் இரண்டு அங்குலத் தடித்த அடிப்பாகம் கொண்ட அகலச் செருப்பு. சிங்காரவேலு உள்ளே தலைகீழாக இறங்கினார். பிரேக்கை மிதிக்கச் சொன்னார். செருப்பின் விளிம்பு ஆக்சிலரேட்டரையும் சேர்த்து அழுத்துவது அவருக்குத் தெரிந்தது.

வெளியே வந்ததும் வெங்கடேஷைப் பார்த்துத்தான் பேசினார். "தப்பு என்னுது சார். கற்பூரத்துக்காகச் செருப்பை வெளிய வுட்டாங்க. வண்டிக்கும் சாமிக்குப் போல வெறுங்காலோட ஏறுனாங்க. நானும் வெறுங்காலை அளந்துக்கினு வுட்டுட்டேன். எதைப் போட்டுக்கினு ஓட்டுவீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல." பிறகு திலகவதியிடம், "இந்தச் செருப்பை வுட முடியாதுங்களா?"

"முடியாது. இது இல்லாம கரும்பலகையில மேல் வரி எழுத எனக்கு எட்டாது."

இரண்டு பேரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செவ்வந்திதான் உள்ளேயிருந்து கத்தினார்: "பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு, வண்டிக்கு ஒண்ணு வச்சிக்கட்டுமே! இதுக்கு எதுக்கு ரெண்டு பேரும் எழவு வூட்டுல நிக்கிறாப்பல நிக்கிறீங்க?"

அன்றைக்கே மாணவர்கள் அணிகிற வெள்ளைக் கேன்வாஸ் காலணி வாங்கப்பட்டது. அதை மாட்டிய பாதத்தைச் சுற்றி மறுபடியும் பென்சில் ஓடியது. பிரேக் தகட்டின் வலது ஓரத்தைக் கால் அங்குலம் அரம் போட்டுக் குறைத்தார். கிளச்சின் கட்டையைத் தாழ்த்தினார். மூன்றையும் திரும்பக் கழற்றித் திரும்பப் பூட்டினார். முடிக்கையில் மாலை ஐந்து மணி. போகும்போது திலகவதி ஒன்று கண்டார்: உடைந்த கார்க் கதவு ஒன்றில் பச்சைப் பெயிண்டால், ஈரம் காயாமல், "வண்டி ஓட்டும் செருப்போடு வரவும்" என்று எழுதிக் கொட்டகை வாசலில், சாமி படத்துக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்திருந்தார் சிங்காரவேலு. அது இன்றும் அங்கே இருக்கிறது.

"ரெண்டாந் தடவை செஞ்ச வேலைக்கு என்ன குடுக்கணும்?"

"ஒண்ணும் வேணாம் டீச்சர். பாஸ் பண்ணிட்டீங்கன்னா ஒருநாளு என்னைப் பின்சீட்டுல குந்த வச்சி மேல்பட்டாம்பாக்கம் வரைக்கும் இட்டுக்கினு போங்க. எத்தினியோ வண்டி பாத்துட்டேன், எல்லாத்தையும் தலைகீழாத்தான் பாத்தேன்."

"அங்கதான் டீச்சர் எங்கம்மா வூடு" என்றார் செவ்வந்தி. "மாமியா வூட்டு வாசல்ல கார்லேர்ந்து எறங்கணுமாம் தொரைக்கு."

"நீ சும்மா கெட" என்று சிங்காரவேலு முதல்முறையாக வெட்கப்பட்டார்.

ஆகஸ்டு 29, வியாழக்கிழமை, திலகவதி தேர்வில் தேறினார். செப்டம்பர் இரண்டாம் தேதி பள்ளி மணியை அவரே அடித்தார். நாள்தோறும் வடக்குத்து வழியாகத்தான் பயணம். கொட்டகையருகே வேகம் குறைத்து, "எப்ப வர்றீங்க?" என்று கேட்பார். "அது எங்கங்க போவுது" என்று பதில் வரும். எத்தனையோ தீபாவளியும் பொங்கலும் போயின. செவ்வந்தியின் தாய்வீட்டுக்கு அவர்கள் எல்லா முறையும் பேருந்திலேயே போனார்கள்.

2017இல் ஒரு காலை, சிங்காரவேலு மட்டும் பழக்கூடையோடு வடக்குத்துப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார். திலகவதி வண்டியை ஓரங்கட்டி, எட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டார். "மேல்பட்டாம்பாக்கந்தானே? ஏறுங்க. இன்னிக்கு விடமாட்டேன்."

சிங்காரவேலு பின்கதவைச் சாத்தினார். சுற்றி வந்து ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார். கூடையைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து, வெள்ளைக் கேன்வாஸ் காலணியைப் பார்த்துத் தலையசைத்தார். கிளச்சை உள்ளங்கையால் அழுத்தி, ரப்பரைக் கட்டைவிரலால் தடவினார்.

"தேஞ்சிபோச்சி. ஞாயித்துக்கெழமை வண்டியை வுட்டுட்டுப் போங்க."

"நான் கேட்டது வேற."

"அது கடனாவே உங்ககிட்ட இருக்கட்டும் டீச்சர். ஏறிட்டா அப்பறம் ஆசப்பட என்னா இருக்குது?"

அதற்குள் பேருந்து வந்துவிட்டது. அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார். திலகவதி அதன் பின்னாலேயே ஓட்டினார். வேகத்தடையில் பேருந்து நின்றது, காரும் நின்றது. அப்போது கடைசி ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே நீண்டது. உள்ளங்கை விரிந்து கீழே அழுந்தியது. பிறகு மெல்ல, மிக மெல்ல மேலே எழும்பியது.