அதே பெயரில் இன்னொரு குழந்தை

கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் எங்கள் அப்பார்ட்மென்ட்டின் கீழ்வீட்டில் இருந்த ஆன்ட்டி ஸ்காட்லாந்துக்காரர். பள்ளி கேன்டீனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அநாதை விடுதியில் வளர்ந்த அவருடைய அம்மா, பிறந்த ஊரின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்திருந்தார். கோடையில் அங்கே போய், அம்மாவைப் பெற்றவர்களின் கல்லறையில் பூ வைக்க வேண்டும் என்பது ஆன்ட்டியின் ஆசை. ஃப்ரீவேயில் ஓட்ட அவருக்குப் பயம். அதனால் சனிக்கிழமைகளில் பழைய பதிவுகளைத் தேட நான்தான் நூலகத்துக்குக் கூட்டிப்போவேன்.

"டேய், ஒன் கொள்ளுத்தாத்தா பேரு ஒனக்குத் தெரியுமாடா? வெள்ளைக்கார ஆன்ட்டிக்குத் தேடிக் குடுக்கக் கெளம்பிட்டாரு தொரை!" என்பான் அறைத்தோழன்.

தெரியாதுதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்கு முன்னால் யாரும் எதையும் எழுதி வைத்ததில்லை.

அந்த ஊர்த் தேவாலயப் பதிவுகள் மைக்ரோஃபிலிமில் வந்திருந்தன. திரையில் ஞானஸ்நானப் பதிவொன்றில் அம்மாவின் பெயர் தென்பட்டதும் ஆன்ட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டார். தகப்பன் மீனவர். பிறந்த வருடமும் ஏறக்குறைய ஒத்துப்போனது. ஃபிலிமை மேலும் ஓட்டினேன். அடக்கப் பதிவுகளில் அதே குழந்தை, கைக்குழந்தையாகவே இறந்துபோயிருந்தது.

"அப்போ எங்கம்மா யாரு?"

அந்தக் காலத்தில் குழந்தை தவறினால் அடுத்ததுக்கும் அதே பெயரை வைப்பதுண்டு என்றார் நூலகப் பெண். அம்மா அந்த அடுத்த குழந்தையாக இருக்கலாம். வேறு குடும்பமாகவும் இருக்கலாம். பிந்தைய ஏடுகள் தீயில் போய்விட்டனவாம்.

ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார். "உங்க ஊர்ல அப்படி வைப்பாங்களா?"

"மாட்டாங்க ஆன்ட்டி. எங்கப்பாவுக்கு முன்னாடி பொறந்ததெல்லாம் தங்கல. அவரைக் குப்பைமேட்டுல கெடத்தி எடுத்து, குப்பைன்னே பேர் வெச்சாங்க. எமன் சீண்ட மாட்டான்னு."

அவர் சிரிக்கவில்லை. "நீ படிச்சவன். இவங்கதான் எங்க ஆளுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு. டிக்கெட் வாங்கிடறேன்."

ஊரில் பத்திரத்தையோ மருந்துச் சீட்டையோ நீட்டியவர்களும் இப்படித்தான் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இருப்பதைப் படித்துச் சொல்லிவிடுவேன். இங்கே படிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

"தெரியல ஆன்ட்டி."

அந்தக் கோடையில் அவர் போகவில்லை. மாடிப்படியருகே ஒருநாள் நானாகவே கேட்டேன், சும்மா ஊரையாவது பார்த்துவிட்டு வரலாமே என்று.

"அந்தக் கல்லறைகிட்ட நிக்கும்போது, அவங்க சொந்தக்காரங்க யாராவது வந்து, நீ யாருன்னு கேட்டா?" என்றார்.