சிப்ரியான் கேட்ட புள்ளிக்குட்டி

எங்கள் பள்ளத்தாக்கில் சிப்ரியான் ஹோல்ஸரைத் தெரியாதவர்கள் கிடையாது. அவன் பிடிவாதம் அப்படி. சரிவான காட்டில் வெட்டிய மரங்களைக் குதிரை கட்டி இழுத்துவருவதுதான் அவன் பிழைப்பு. டிராக்டர் ஏறாத இடத்தில் எங்கள் நோரிக்கர் குதிரை ஏறும். முக்கால் டன் எடை, வாணலி மாதிரிக் குளம்பு, யார் கத்தினாலும் பதறாத புத்தி. அவனுடைய பழுப்புப் பெட்டை ஃபன்னி, மரத்தைக் கட்டிவிட்டால் தானாகவே இறங்கிப்போய்ச் சாலையோரம் நிற்கும். கீழே லாரிக்காரர் அவிழ்த்துவிட்டதும் தானாகவே ஏறிவரும்.

அது சிப்ரியானுக்குப் போதவில்லை. வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி தெறித்த குட்டி வேண்டும் என்று, ஃபன்னியை ஐந்து முறை புள்ளிப் பொலிக்குதிரையிடம் நடத்திக்கொண்டு போனான். ஐந்து முறையும் பழுப்புக்குட்டி. ஒவ்வொரு தடவையும் ஞானஸ்நானத்துக்கு அழைப்பதுபோல் எங்களை அழைப்பான். நாங்களும் போய்ப் பார்த்து, துக்கம் விசாரித்துவிட்டு வருவோம்.

பக்கத்துப் பண்ணை நோட்புர்கா புருஷனை இழந்தவள். நிறத்தைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. கிட்டத்தில் இருந்தது அதுதான் என்று தன் பெட்டையை அதே பொலிக்குதிரையிடம் விட்டாள். முதல் தடவையே புள்ளிக்குட்டி பிறந்தது.

சிப்ரியான் மூன்று நாள் வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே குட்டியைப் பார்த்தான். நாலாம் நாள் அவள் தொழுவத்தில் போய் நின்றான்.

"அந்தக் குட்டிய எனக்குக் குடுத்துரு, நோட்புர்கா."

"எதுக்கு? அது வேலைக்கு வர மூணு வருஷம் ஆகும்."

"வேலைக்கு இல்ல. பாக்குறதுக்கு."

"பாக்கணும்னா இங்க வந்து பாத்துட்டுப் போயேன்."

"ஃபன்னிய எடுத்துக்கோ."

அவள் பால்வாளியைக் கீழே வைத்தாள். "ஏய், காய்ச்சல் கீய்ச்சல் எதுவும் அடிக்குதா உனக்கு?"

மறுநாளே ஃபன்னி வேலி தாண்டிப் போனது. பால்குடி மறந்ததும் குட்டி இந்தப் பக்கம் வருவதாகப் பேச்சு. அப்போதுதான் சிப்ரியானுக்கு ஒன்று உறைத்தது: மரம் இழுக்கக் குதிரை இல்லை. வேறு வழியில்லாமல் நோட்புர்காவிடம் கூலிக்குச் சேர்ந்து, அதே ஃபன்னியை அதே காட்டில் ஓட்டினான்.

அடுத்த வசந்தத்தில் ஃபன்னி குட்டி போட்டது. கழுத்திலிருந்து வால்வரை புள்ளி. மாற்றிக்கொள்வதற்கு முந்தின மாதம் அவனே ஆறாவது முறையாக நடத்திக்கொண்டு போன பயணத்தின் பலன். அவனிடம் சொல்ல நோட்புர்காவுக்குத் தைரியம் வரவில்லை, என்னை அனுப்பினாள். வந்தான், ரொம்ப நேரம் பார்த்தான்.

"பின்னங்கால் கொஞ்சம் கோணலா இருக்கே" என்றான்.

கோணல் எதுவும் இல்லை.

மாற்றி வாங்கிய குட்டிக்குக் கோலோ என்று பெயர் வைத்து வளர்த்து, மூன்று வயதில் பொலிக்குதிரைத் தேர்வுக்குக் கொண்டுபோனான். நடை சரியில்லை என்று நடுவர்கள் திருப்பி அனுப்பினார்கள், காயடிக்க வேண்டியதாயிற்று. காட்டிலும் அது உதவவில்லை. மேட்டைக் கண்டதும் யோசிக்க ஆரம்பித்துவிடும். சுற்றுலாக்காரர்கள் மட்டும் சூழ்ந்துகொண்டு, பெயின்ட் அடித்ததா என்று கேட்பார்கள்.

நோட்புர்காவுக்கே மனம் பொறுக்கவில்லை. "ஃபன்னிய நீயே கூட்டிட்டுப் போயேன். கோலோவும் உங்கிட்டயே இருக்கட்டும்."

"கொடுத்தது கொடுத்ததுதான்."

"அப்போ நீயாவது இங்க வந்துரு."

அவன் தொப்பியைக் கழற்றி, திரும்பவும் போட்டுக்கொண்டான். இலையுதிர் காலத்தில் கல்யாணம் நடந்தது. எதற்காகச் சம்மதித்தாய் என்று நான் கேட்டேன்.

"நடந்துபோற தூரம் மிச்சம்" என்றான். காது மட்டும் சிவந்திருந்தது.