அப்பா கழற்றி வைத்த சிவப்பு பல்பு

எங்கள் அப்பா பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார். கிணறு வற்றிப்போனதும் பீளமேட்டுக்கு வந்து மில்லில் வேலை பார்த்து, பிறகு சொந்தமாக லேத் பட்டறை வைத்தார். தம்பிமார் இருவரையும் படிக்க வைத்தார், எங்களைக் கரையேற்றினார். யார் வீட்டு விசேஷமானாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். பொய் சொல்லாதவர் என்றும் எழுத ஆசைதான். எழுத முடியவில்லை. ஏன் என்பதை இந்த நினைவு மலரில் எழுதச் சொன்னதும் அப்பாதான்.

என் கல்யாணத்தில், மாப்பிள்ளை அழைப்பின்போது அப்பாவின் பழைய கறுப்புக் கார் நடுத்தெருவில் நின்றுபோனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மாப்பிள்ளையை இறக்கிவிட்டுச் சித்தப்பாமார் காரைத் தள்ளினார்கள். சகுனம் சரியில்லை என்று யாரோ முணுமுணுத்தார்கள். அந்தக் காரில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பழைய டைனமோவை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் மாட்டிக் கொடுத்த எலக்ட்ரீசியனும் விருந்துக்கு வந்திருந்தார். அப்பா அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார்.

"உன்ற கை பட்டதுலதானப்பா வண்டி இப்புடி ஆச்சு. பேட்டரிக்குச் சார்ஜே ஏறலை. ஏமாத்திப்போட்டயே!"

"நல்லாத்தானுங்க ஓடுச்சு. ஒருக்கா பாத்துப்போடறனுங்க," என்றார் அவர்.

அப்பா பானெட்டைத் தொடவே விடவில்லை. எலக்ட்ரீசியன் சாப்பிடாமல் போய்விட்டார். அதன்பின் நம் சொந்தத்தில் யாரும் அவரிடம் வண்டி விடவில்லை.

அடுத்த வாரம் அப்பா காரை வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனார். பெல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. வேறு பேட்டரி வைத்தும் சார்ஜ் ஏறவில்லை. ஆல்டர்னேட்டரைப் பிரித்தால் கார்பன் பிரஷ்கூடத் தேயவில்லை. கடைசியில் அங்கிருந்த மெக்கானிக் சாவியைத் திருப்பிவிட்டுக் கேட்டாராம்.

"ஏனுங்க, சாவி போட்டா இங்க செவப்பு லைட்டு எரியோணுமே. பல்பு எங்கீங்க? அது வழியா கரண்டு போனாத்தானுங்க ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ண ஆரம்பிக்கும்."

கழற்றியவர் அப்பாவேதான். வண்டி மெதுவாக ஓடும்போது அந்தப் பல்பு லேசாக மினுக்கும். சம்பந்தி வீட்டார் பார்த்தால் ஓட்டை வண்டி என்று நினைப்பார்களே என்று, பத்திரிகை வைக்கப் புறப்பட்ட அன்றே எடுத்து வைத்துவிட்டார். டைனமோ இருந்த காலத்தில் பல்பு இல்லாமலேயே ஓட்டிப் பழகியவர், இதற்கும் அது வேண்டாம் என்று நினைத்துவிட்டார். ஊர் ஊராகச் சுற்றியதில் பேட்டரி இறங்கிக்கொண்டே வந்து மாப்பிள்ளை அழைப்பு நாளில் அடங்கிவிட்டது. பல்பை மாட்டியதும் கார் ஓடியது. அப்பா யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் என்னிடம் சொன்னார். அந்த எலக்ட்ரீசியன் கடைக்கு எதிரே பலமுறை போய் டீ குடித்துவிட்டு, உள்ளே நுழையக் கூச்சப்பட்டுத் திரும்பி வந்தாராம்.

"நான் போனப்பறம் அன்னைக்குக் கேட்டவங்க அத்தன பேருக்கும் மலரு போகுமல்ல கண்ணு. அதுல எழுதிப்போடு. எனக்குத்தான் வாய் வரலை."

அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. உடம்பு முடியாதவரிடம் அதைக் காட்டவா முடியும்? தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்பாவைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சம்மாக்களுக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், மாமன் மச்சான்மாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த எலக்ட்ரீசியன் கடைக்குப் போய் அனுமதி கேட்டேன். கையிலிருந்த வேலையை அவர் கீழே வைக்கவில்லை.

"பேரோட போடுங்க அம்மணி. அன்னைக்கு அத்தன பேரு முன்னாலயும் பேரைச் சொல்லித்தானுங்க வைஞ்சாங்க."

எங்கள் காரில் ஆல்டர்னேட்டரைச் சரியாக மாட்டியவர் பெரியநாயக்கன்பாளையம் ஆறுமுகம் அவர்கள். பல்பைக் கழற்றியவர் எங்கள் அப்பா.

வருஷத் திதிச் சாப்பாட்டுக்கு அவரை அழைத்திருக்கிறேன். முதல் பந்தியில் அவருக்கு இலை போட்டு வைப்போம். வாரேன் என்று அவர் சொல்லவில்லை.