கங்காணி இல்லாத பெரட்டுக்களம்

வளைவில் யாரோ வாந்தி எடுத்த பஸ்ஸில், அதை மறைக்க இன்னொருவர் தோடம்பழத் தோலைக் கசக்கும்போது ஒரு வாடை எழும். டயகமவிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் எந்த பஸ்ஸிலும் அது கிடைக்கும். அந்த வாடை வந்தால் எனக்கு இப்போதும் ஒரு நாள் நினைவுக்கு வந்துவிடுகிறது. அப்படியொரு பஸ்ஸில், ஒரு சனிக்கிழமைக் காலை, கைப்பேசியைத் திறந்து எங்கள் உலகத்துக்குள் நுழைந்தேன். நுழைந்ததும் எரிந்து செத்தேன். மறுபடி பிறந்தேன். மறுபடி எரிந்தேன்.

கட்டிகளை அடுக்கி ஊர் கட்டுகிற விளையாட்டு அது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் நாலு கதவு தள்ளிக் குடியிருக்கிற தம்பி, ஃபெக்டரியில் மின்சார வேலை பார்ப்பவன், ஒரு பழைய கம்பியூட்டரைச் சேர்வராக்கித் தோட்டத்து ஆட்கள் இருபது பேருக்கு ஒரு தனி உலகத்தைத் திறந்துவிட்டிருந்தான். தம்பி என்று கூப்பிடுவதுதான். கூடப் பிறந்தவன் இல்லை, அவனுக்கும் நாற்பது ஆகப் போகிறது. புதிதாக வருகிறவர்களும் செத்துப் பிழைக்கிறவர்களும் வந்து நிற்க அந்த உலகத்தில் ஒரு தொடக்க இடம் உண்டு. அதை நாங்கள் பெரட்டுக்களமாகக் கட்டினோம். விடியலில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுவோமே, அதே முற்றம். பின்னால் பத்துக் கதவு லயம்.

ஏழாவது கதவு தம்பியுடையது. அவன் மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு நிற்கிறாள். வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிநேரம் அவளுக்கு ஓய்வு. அந்த இரண்டு மணிநேரமும் அவள் கைப்பேசி வழியாக அந்தக் கதவுக்குள்தான் இருப்பாள். இவன் அடுப்பைக் கட்டுவான். அவள் அதை இடித்து வேறு மூலையில் வைப்பாள்.

"வீடியோவுல மொகத்தப் பாத்தா ரெண்டு பேருக்கும் அழுகதாண்ணே வருது. இங்கன்னா சண்ட போட்டுக்கலாம்" என்றான் ஒருமுறை.

முற்றத்தையும் லயத்தையும் சுற்றி ஒரு காவல் வட்டம் போட்டிருந்தான். அதற்குள் ஒரு கல்லைக்கூட யாரும் பெயர்க்க முடியாது. கைவைக்க உரிமையுள்ளவர்களின் பட்டியலில் இரண்டே பெயர்: அவன், அவள். அதுவே கேலியாயிற்று.

"கும்புடுறேன் கங்காணி ஐயா, ஒரு கல்லு புடுங்கிக்கவா?"

"ஐயாகிட்ட என்னாத்தக் கேக்குற? குவைத்துலருந்து அம்மா ஓடர் போடணும்!"

கங்காணி என்ற சொல் என் காதுக்கு ஆகாது. விளையாடுகிறவர்கள் கூடியபோது எழுந்து பேசியவன் நான்தான். "நம்மள எண்ணுறதுக்கு ஒருத்தன் தடியோட நின்ன காலம் போதும். நம்ம கையால கட்டுன எடத்துலயும் ஒருத்தன் மேல நிக்கணுமா? பட்டியல்ல ஒரு பேரும் வேணாம். வட்டம் இருக்குல்ல, அது காக்கும்." கைதட்டினார்கள். என்னைப் போலக் கவிதை எழுதுகிறவனுக்குக் கைதட்டல் சாராயம். தம்பி என் முகத்தைப் பார்த்தான். பிறகு இரண்டு பெயரையும் அழித்தான்.

அந்த விளையாட்டின் விதி எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. பட்டியலில் ஒரு பெயராவது இருந்தால்தான் வட்டம் காவல் காக்கும். ஒருவரும் இல்லையென்றால் காவலும் இல்லை. அதைச் சொல்லி ஒரு எச்சரிக்கையும் வராது. தம்பியும் மனைவியும் இனித் தங்களுக்கும் உரிமை இல்லை என்று நம்பி, அடுப்பைத் தொடாமல் வெள்ளிக்கிழமைகளில் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் மட்டும் ஒரு கல்லைத் தட்டிப் பார்த்திருக்கிறான்; அது பெயர்ந்திருக்கிறது.

பஸ்ஸில் நான் கண்டது இதுதான். முற்றம் முழுக்க நெருப்புக் குழம்பு. லயத்துக் கதவுகளைப் பெயர்த்திருந்தார்கள். ஏழாவது வாசலைச் சுற்றி எழுத்துப் பலகைகள். அவற்றில் இருந்ததை இங்கே எழுத என் கை கூசுகிறது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பெண்களைப் பற்றிச் சாராயக் கடை வாசலில் நம் ஆண்கள் பேசுவது, அவ்வளவும். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. நல்ல தமிழ். பின்சீட்டில் வாந்தி எடுத்த பிள்ளை மறுபடி ஓங்கரித்தது. அடுத்த தரிப்பில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

தம்பி திரையின் முன் உட்கார்ந்திருந்தான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நேத்து அவ ஒம்பது தடவ வந்தாண்ணே. ஒம்பது தடவையும் எரிஞ்சிட்டா. எரியிறதுக்குள்ள பலகைய எல்லாம் வாசிச்சிருக்கா."

"என்னா சொன்னாங்க?"

"'இங்கயுமா'ன்னா. அதோட லைன வெட்டிட்டா. ஃபோன் எடுக்கல."

யார் எந்தக் கல்லைப் பெயர்த்தார்கள் என்று சேர்வர் எழுதி வைத்திருந்தது. மேல் லயத்துக்காரன். டவுனில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கிறான், இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது வாசலில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணே! டீ குடிக்கிறீங்களா?"

"ஏன் செஞ்ச?"

"அட, அதுவா!" சிரித்தான். "வெளாட்டுதானேண்ணே. ஒடைக்க முடிஞ்சிச்சு, ஒடச்சேன். நீங்கதானே சொன்னீங்க, யாரும் மேல நிக்கக் கூடாதுன்னு."

"அவங்க வருவாங்கன்னு தெரியாதா ஒனக்கு?"

"தெரியும். அதுக்குத்தானே வெள்ளிக்கெழம போட்டேன்."

சவர்க்கார நுரை என் செருப்பைச் சுற்றி ஓடியது. உள்ளே அவன் பிள்ளைகள் பாடம் வாசிக்கிற சத்தம். அவனை அடிக்கத் தோன்றவில்லை, தொடவே கூசிற்று. கழிவுத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் கை விழுந்தது போல இருந்தது. அதைவிடக் கூச்சம், அவன் என் வாக்கியத்தை என் வாயிலிருந்தே எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டது. அந்த வாக்கியத்தை நான் எவ்வளவு அழகாக இழுத்துச் சொன்னேன் என்பது நினைவு வந்தது. காறித் துப்பினேன். அவன் முற்றத்தில்தான் விழுந்தது. ஆனால் யாருக்கென்று நிச்சயமில்லை.

திரும்பி வந்தபோது தம்பி இரண்டு பெயர்களையும் பட்டியலில் சேர்த்து முடித்திருந்தான். மேல் லயத்துக்காரனுக்குக் கதவடைத்திருந்தான். ஒவ்வொரு பலகையாக உடைத்து, நெருப்பை மண்போட்டு மூடிக்கொண்டிருந்தான். நானும் என் கைப்பேசியில் நுழைந்து ஒரு கதவை நிமிர்த்தப் போனேன். கை போகவில்லை, கல் அசையவில்லை.

"அது இப்ப முடியாதுண்ணே" என்றான், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "வட்டம் வேல செய்யிது."

"என் பேரையும் போட்டீன்னா ஒத்தாசையா இருப்பேன்."

அவன் திரையில் ஏழாவது கதவுக்குள் போய், மனைவி கடைசியாக வைத்த மூலையிலேயே அடுப்பைக் கட்டினான். ஒரு கல் கோணலாக விழுந்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். வாசல்வரை வந்தான்.

"மன்னிச்சிரு தம்பி."

"வெள்ளிக்கெழம அவ வருவாளான்னு தெரியலண்ணே" என்றான். "வந்தா, நீங்க அங்க நிக்காதீங்க."